விடுமுறைச் சண்டையும் வீட்டு வரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சின்ன நகராட்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆயிரம் சதுர அடியில் சொந்த வீடு. மூன்று விஷயங்களை யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் என்று இருந்தது. உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலாவது வீட்டு வரி. 2022இல் ஒரேயடியாக 50 சதவீதம் ஏற்றினார்கள். அது பழகுவதற்குள் இன்னொரு 6 சதவீதம் கூட்டி கேட்பு நோட்டீஸ் வந்துவிட்டது. எங்கள் தெரு ஓடை அடைத்தது அடைத்தபடியே கிடக்கிறது, விளக்கு பாதி நாள் எரிவதில்லை. தெருவே சேர்ந்து வரி கட்டுவதில்லை என்று முடிவெடுத்தால் என்ன? பர்தோலியில் செய்து காட்டினார்களே.

இரண்டாவது விடுமுறை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடைக்கு உண்டு, அய்யா வைகுண்டர் பிறந்தநாளுக்கு உண்டு. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று தெரு வாட்ஸாப் குழுவில் ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். இரண்டு நாள் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாமல் உள்ளூர் விடுமுறை என்பதையே எடுத்துவிட்டால் நிம்மதி அல்லவா?

மூன்றாவது, செய்தி. எங்கள் ஊர் பத்திரிகையில் வருகிறதென்றால் ஒன்று விபத்து, இல்லாவிட்டால் கொடை விழா. நகராட்சியில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி கிடையாது. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஏன் என்பதை வரியிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீங்களே பர்தோலியை இழுத்துவிட்டதால் அதை முதலில் முடித்துவிடுவோம். குஜராத்தின் பர்தோலி வட்டத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் நிலவரியை ஏறக்குறைய 22 சதவீதம் உயர்த்தினார்கள். 1928இல் வல்லபாய் படேல் தலைமையில் விவசாயிகள் கட்ட மறுத்தார்கள். நிலம் பறிபோனது, மாடுகளை ஜப்தி செய்தார்கள், அசையவில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கேட்டது என்ன என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். வரியே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த உயர்வை எந்தக் கணக்கில் போட்டீர்கள், நடுநிலையான ஒரு விசாரணை வையுங்கள் என்றார்கள். கடைசியில் புரூம்ஃபீல்டு, மேக்ஸ்வெல் என்ற இரண்டு அதிகாரிகள் கிராமம் கிராமமாகப் போய் விசாரித்தார்கள். உயர்வு 6.03 சதவீதத்துக்கு இறங்கியது. உங்கள் 6 சதவீதத்தோடு இது கிட்டத்தட்ட ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆகவே பர்தோலி பாணி என்றால் முதலில் கணக்கு கேட்க வேண்டும். கணக்கு கேட்காமல் வரியை மட்டும் நிறுத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். வீட்டின் பேரில் கடன் வாங்கவோ பெயர் மாற்றவோ போனால் முதலில் கேட்பது வரி ரசீதைத்தான். தெருவே சேர்ந்து முடிவெடுத்தாலும் ஆறாவது மாதம் ஒவ்வொருவராகப் போய்க் கட்டிவிட்டு வருவார்கள், நீங்கள் மட்டும் நிற்பீர்கள்.

இனி அந்த 50 சதவீதம். எனக்கும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகராட்சி, மாநகராட்சிகளில் 2008க்குப் பிறகும் சொத்து வரியில் நிலைத்த திருத்தம் எதுவும் இல்லை. 2022இல் உங்கள் மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம். உங்கள் வீட்டுக்கு 14 வருடத்தில் 50 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3 சதவீதம்கூட வராது. சென்னையின் பெரிய வீட்டுக்காரருக்கு 24 வருடத்தில் 150 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அந்த 14 வருடத்தில் உங்கள் கடையில் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வாங்கும் காசு எவ்வளவு ஏறியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் உயர்வின் அளவு என்னை உறுத்தவில்லை. பதினான்கு வருடம் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் தூக்கிப் போட்டதுதான் தப்பு. வருடா வருடம் கொஞ்சம் கூட்டுவது அதைவிட நியாயமான முறை. இதைச் சொன்னால் நீங்கள் என்னோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

என்னை உறுத்துவது வேறு. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் மன்றமே கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. 2018இல் ஒரு வரி உயர்வு வந்ததே, நினைவிருக்கிறதா? அதை எதிர்த்துப் பேச உங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலம் அது. 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு தேர்தல் முடிந்து, மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்று, நாற்காலி சூடாவதற்குள் ஏப்ரல் 1ஆம் தேதி புதிய உயர்வு. உள்ளாட்சிகளுக்கு நிதி கொடுக்கவேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலும் ஏற வேண்டும் என்று மத்தியில் அமைந்த 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது. ஆண்டுதோறும் கூட்டும் ஏற்பாட்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. அதாவது நிபந்தனை டெல்லியில், ஆணை சென்னையில், தீர்மானம் மட்டும் உங்கள் ஊர் நகர்மன்றத்தில். உங்கள் கவுன்சிலரிடம் போய் ஏன் ஏற்றினாய் என்று கேட்டால் அவர் கையை விரிப்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் எங்கே செலவழித்தாய் என்று கேட்டால் கையை விரிக்க முடியாது. அது அவர்கள் கையில் இருப்பது. எந்த ஓடையை முதலில் தூர்வாருவது, எந்தத் தெரு விளக்கை மாற்றுவது, யாருக்கு ஒப்பந்தம் என்பதெல்லாம் மன்றத்துக்கு விவாதப் பொருளாக வந்து தீர்மானமாகிறது. உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. பராந்தகன் காலத்துக் குடவோலை, உலகுக்கே ஜனநாயகம் கற்றுக் கொடுத்தோம் என்பார்கள். அது ஒரு பிராமண ஊரின் சபை, நிலமும் வீடும் உள்ளவர்கள் மட்டுமே குடத்தில் பெயர் போட முடியும் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. அதைவிட எனக்குப் பிடித்த விதி ஒன்று அதே கல்வெட்டில் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி பெயர் கொடுக்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய உறவுக்காரர்களும் முடியாது. இதை மேடையில் படித்தால் அந்த மேடையில் பாதிப் பேர் இறங்க வேண்டியிருக்கும்.

சரி, விடுமுறைக்கு வருகிறேன்.

உள்ளூர் விடுமுறையை எடுத்துவிடலாம் என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. சென்னையில் உட்கார்ந்து போடும் நாட்காட்டியில் எல்லா ஊர்த் திருநாளும் அடங்காது. தஞ்சாவூருக்கு ராஜராஜன் சதய விழா, நாகப்பட்டினத்துக்கு நாகூர் கந்தூரி, சேலத்துக்கு ஆடிப்பெருக்கு, நீலகிரிக்கு மலர்க் கண்காட்சி, சென்னைக்கே ஓணம் என்று மாவட்ட ஆட்சியர்கள் அவரவர் ஊருக்குத் தக்கபடி அறிவிக்கிறார்கள். ஒரு மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று அரசாங்கம் காது கொடுத்துக் கேட்பதற்கு இருக்கும் மிகச் சில வழிகளில் இது ஒன்று. அதை நாமே அடைத்துக்கொள்ள வேண்டுமா? உங்கள் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நீங்கள் திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கிருந்து வந்தவர்களுக்குச் சென்னை நாட்காட்டி முழுதாகப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் உங்கள் குழுவில் சண்டை போட்ட யாரும் ஆட்சியரின் அறிவிப்பைக் கடைசி வரை படித்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். முதல் வரியில் விடுமுறை இருக்கும். கீழே, அதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை பணி நாள் என்று இருக்கும். அதற்கும் கீழே, இது செலாவணி முறிச் சட்டம் 1881இன் கீழ் வரும் பொது விடுமுறை அல்ல, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்று இருக்கும். அந்தச் சட்டத்தில் வராததால் வங்கி திறந்திருக்கும். பள்ளிக்கூடம் சனிக்கிழமை வைக்கும். அதாவது யாருக்கும் ஒரு நாள்கூட அதிகமாகக் கிடைப்பதில்லை, நாளை இடம் மாற்றி வைக்கிறார்கள். சவேரியார் திருவிழாவுக்கு விடுமுறை கொடுத்ததால் கோயில்காரருக்கு ஒரு நாள் குறையவில்லை. மாசிக் கொடைக்குக் கொடுத்ததால் சர்ச்சுக்காரருக்கும் குறையவில்லை. எல்லோருமே அந்தச் சனிக்கிழமை வேலைக்குப் போகிறார்கள்.

அப்படியானால் சண்டை எதற்கு? என் தெய்வத்தை அரசாங்கம் மதிக்கிறதா என்ற கேள்விக்குத்தான். அதை நான் கேலி செய்ய மாட்டேன், மனிதர்களுக்கு மரியாதை வேண்டியிருக்கிறது. 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் போட்டு, 2011இல் ஆட்சி மாறியதும் அதை ரத்து செய்து சித்திரைக்கே திரும்பிய மாநிலம் இது. அரசாங்கமே நாளுக்காக மல்லுக்கட்டும்போது உங்கள் தெருவைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் 1982இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து, கிறிஸ்தவக் கலவரத்தை உங்கள் மாவட்டத்தில் வயதான யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்களுக்கும் வேண்டும் என்று கேளுங்கள். தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஆட்சியருக்கு மனு கொடுங்கள். அவர்களுக்கு ஏன் என்று கேட்காதீர்கள். முதல் கேள்வியை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்க முடியும். இரண்டாவதை வாட்ஸாப்பில்தான் கேட்க முடியும், அதனால்தான் அங்கே அது இவ்வளவு சுலபமாக வருகிறது.

இதில் இன்னொரு பகுதி இருக்கிறது, யாரும் பேசாதது. உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகத்துக்கும் பள்ளி, கல்லூரிக்கும். விடிவதற்கு முன்னால் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கும் பெண்களுக்கும் துணிக்கடையில் நிற்கிறவருக்கும் அது விடுமுறை அல்ல. அவர்களுக்கு உள்ளது 1958ஆம் வருடத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள், அதோடு பண்டிகை விடுமுறை ஐந்து நாள். ஆக மொத்தம் 9. அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. உங்கள் கடைத்தெருவில் எத்தனை கடையில் இது நடக்கிறது? உங்கள் கடையில் உதவிக்குப் பையன் யாராவது இருந்தால் அவருக்கு நடக்கிறதா என்றும் கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மதம் பார்க்காமல் தெருவே சேர்ந்து பேசக்கூடிய விடுமுறைப் பிரச்சினை என்றால் அது இதுதான். குழுவில் இதை ஒருவரும் எழுப்பவில்லை.

ஏன் எழுப்பவில்லை என்பதில் உங்கள் மூன்றாவது விஷயம் வந்துவிடுகிறது.

ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு போகிறது. எல்லாப் பத்திரிகையும் அதை அப்படியே போடும். பத்து நிமிடத்தில் குழுவுக்கு வரும். நகர்மன்றத்தில் ஓடை தூர்வார இத்தனை லட்சம் என்று தீர்மானம் போட்டால் யாரும் குறிப்பு அனுப்புவதில்லை. ஒரு நிருபர் போய் உட்கார்ந்து, கூட்டத்தின் விவாதப் பொருள் பட்டியலை வாங்கிப் படித்து, கேள்வி கேட்டு எழுத வேண்டும். சின்ன ஊரில் இருக்கும் பகுதி நேர நிருபருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அவர் பிடித்துத் தரும் விளம்பரத்துக்கு வரும் கமிஷன்தான் என்பது ஊரறிந்த சங்கதி. அந்த விளம்பரத்தைக் கொடுப்பவர் யார்? ஒப்பந்தக்காரர், கட்சிக்காரர், கவுன்சிலரின் பிறந்தநாள் வாழ்த்து. நிருபரை நான் குறை சொல்லவில்லை. அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஆனால் விளைவு என்ன? காசு செலவாகாத செய்தி மட்டுமே நம்மை வந்து சேர்கிறது. நாமும் வந்து சேர்ந்த செய்திக்காகச் சண்டை போடுகிறோம். விடுமுறைக்காக இரண்டு நாள் மோதிய உங்கள் குழு ஓடைக்காக இரண்டு நிமிடம் மோதாததற்கு, உங்கள் ஆட்களுக்கு அக்கறை இல்லை என்பதல்ல காரணம். ஓடையைப் பற்றி மோதுவதற்கு அவர்கள் கையில் ஒரு விவரமும் இல்லை.

சென்னையில் 1990களில் அடையார், மயிலாப்பூர் என்று பேட்டைக்கு ஒரு இலவச வார இதழ் கிளம்பியது. ஆங்கிலம்தான், பக்கமெல்லாம் விளம்பரம்தான். ஆனாலும் எந்தத் தெருவில் குழி தோண்டினார்கள், எப்போது மூடுவார்கள் என்று அதில் இருக்கும். தமிழில், மாவட்டங்களில் அப்படி ஒன்று பெரிதாக வளரவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இன்று அதற்கு அச்சகமும் வேண்டாம். உங்களிடம் ஒரு குழு இருக்கிறது, கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

விவரத்தை எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய் கட்டணம், நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு. முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். ஏன் சாலை சரியில்லை, யார் பொறுப்பு என்றெல்லாம் எழுதாதீர்கள், அதற்குப் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல, தட்டிக் கழித்துவிடுவார்கள். இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள். உங்கள் வார்டில் போன நிதியாண்டின் சொத்து வரிக் கேட்பு, வசூல், நிலுவை எவ்வளவு. அந்த வருடம் வார்டில் நடந்த வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு, கொடுத்த தொகை. ஓடை தொடர்பாக மன்றத்தில் போட்ட தீர்மானங்களின் நகல். இவ்வளவு போதும். நிலுவைப் பட்டியல் கிடைத்தால் ஒரு வேடிக்கையும் பார்க்கலாம். பெரிய பாக்கி பெரும்பாலும் ஆயிரம் சதுர அடி வீட்டுக்காரர்கள் பேரில் இருக்காது.

இன்னொன்று. நூலக வரி என்று ஒன்றும் உங்களிடம் வசூலாகிறது, சொத்து வரியில் 10 சதவீதம். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தபோது தொடங்கியது, சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். அந்தக் காசு நகராட்சிக்கு உரியது அல்ல, வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டியது. கொடுக்காமல் பாக்கி வைப்பதாகப் பல உள்ளாட்சிகள் மேல் புகார் வந்திருக்கிறது. உங்கள் ஊர் எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு கொடுத்தது என்பதை நான்காவது கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள். ஊர் நூலகத்துக்கு நாலு பத்திரிகை கூடுதலாக வாங்கச் சொல்ல அப்போது உங்களுக்கு வாய் இருக்கும்.

அடுத்த அரையாண்டு பிறந்ததும் முதல் முப்பது நாளுக்குள் வரியைக் கட்டிவிடுங்கள், 5 சதவீத ஊக்கத்தொகை கழியும். கட்டிய ரசீதின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். சட்டப்படி அது தேவையே இல்லை. ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாக்கிக்காரர் கேள்வி கேட்கிறார் என்று நினைக்க வழியிருக்காது. பதில் வந்ததும் குழுவில் போடுங்கள், கடை வாசலில் ஒரு பிரதி ஒட்டுங்கள். எனக்கும் ஒன்று அனுப்பினால், ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.